அமைச்சரும் இசைவும்: செ. இராசதுரையின் பதவிக்காலம் பற்றி ஒரு விமர்சனம்

அமைச்சர் ஒருவரின் வாழ்வை எழுதப் புகுவோர் நமது பகுதியிலே பெரும்பாலும் ஒரே முறையைக் கைக்கொள்கின்றனர். பிறந்த ஊர், கற்ற பாடசாலை, ஏறிய முதல் மேடை, பெற்ற தேர்தல் வெற்றி என்பன வரிசையாகச் சொல்லப்படும். பின்னர் அவர் 'கொண்டுவந்தவை' என்றொரு பட்டியல் தொடரும். வீதி, பாடசாலைக் கட்டிடம், மின்சாரம், வைத்தியசாலை விடுதி, இளைஞருக்கு உத்தியோகம் என அப்பட்டியல் நீளும். பொன்விழா மலர்களும் நினைவு மலர்களும் இவ்வாறே நிரம்புகின்றன. இம்மலர்களை எழுதுவோரும் தொகுப்போரும் பெரும்பாலும் ஆசிரியர்களே. ஆதலால் இம்முறையின் தன்மையை ஆராய்வது ஆசிரியருக்கும் மாணவருக்கும் உரிய பணியாகின்றது.

இம்மலர்களின் வாக்கிய அமைப்பைச் சற்று நோக்குவோம். வீதியைப் பற்றிய வாக்கியத்திலே எழுவாய் தெளிவாக நிற்கும்: அமைச்சர் வீதியை அமைத்தார். அடக்குமுறைச் சட்டத்தைப் பற்றிய வாக்கியத்திலோ எழுவாய் மறைந்துவிடும்: சட்டம் நிறைவேற்றப்பட்டது. நன்மை செய்வினையிலும் தீமை செயப்பாட்டுவினையிலும் கூறப்படுகின்றன. இதனை வெறும் மொழிப்பழக்கம் என்று விட்டுவிட முடியாது. அமைச்சரவையின் ஒரு முடிவுக்கு அமைச்சரை உரிமையாளராக்கி, மற்றொரு முடிவிலிருந்து அவரை விடுவிக்கும் அரசியல் அதனுள்ளே தொழிற்படுகின்றது.

பழந்தமிழ் மரபு இவ்விடயத்தில் இன்றைய மலர்களினும் நேர்மையானது. பாடாண் திணையிலே புகழ்ச்சி மட்டும் இருக்கவில்லை; அரசனுக்கு அறிவு கொளுத்தும் செவியறிவுறூஉ என்னும் துறையும் இருந்தது. மலையமானின் சிறுவர்களை யானையின் காலில் இட முற்பட்ட கிள்ளிவளவனைத் தடுத்துப் பாடியவர் கோவூர் கிழார். திருக்குறளின் அமைச்சு அதிகாரமும், அறிவுடையாரை மதியாத அரசனாயினும் அவனுக்கு உறுதியானதை எடுத்துரைத்தல் பக்கத்தில் இருப்பவனின் கடமை என்றே கொள்கின்றது. அமைச்சன் எவற்றைப் பெற்றுத் தந்தான் என்பதோடு, எதனைத் தடுத்துச் சொன்னான் என்பதும் அளவுகோலாக இருந்த மரபு நம்முடையது. இந்த அளவுகோலைக் கொண்டு நமது பிரதேசத்து அமைச்சர் ஒருவரின் வாழ்வை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

செல்லையா இராசதுரை மட்டக்களப்பின் பாராளுமன்ற உறுப்பினராக 1956 முதல் 1989 வரை இருந்தவர். சொறிக்கல்முனை, கல்முனை, காரைதீவு முதலிய ஊர்கள் 1961இல் அம்பாறை மாவட்டம் பிரிக்கப்படும் வரை மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தனவாகவே இருந்தன. மாவட்டம் பிரிந்த பின்னும், தமிழ் மேடை என்று வருகையில் இப்பகுதியார் செவிசாய்த்தது மட்டக்களப்பின் குரலுக்கே. 'சொல்லின் செல்வர்' என்ற அடைமொழியால் அவர் அறியப்பட்டமை தற்செயலன்று. தனிச் சிங்களச் சட்டம் வந்த ஆண்டிலே தமிழரசுக் கட்சியின் சார்பில் பாராளுமன்றம் புகுந்த அவர், மொழியுரிமை என்னும் கொள்கையை உழவருக்கும் மீனவருக்கும் விளங்கும் தமிழில் எடுத்துச் சென்றார். மட்டக்களப்பு மாநகர சபையின் முதல் மேயர் என்ற பெருமையும் அவருக்குரியது. அவரது முற்பகுதி வாழ்வு மதிப்புக்குரியது என்பதில் நமக்கு ஐயமில்லை.

1977ஆம் ஆண்டுத் தேர்தல் அவரது வாழ்வில் ஒரு திருப்பமாயிற்று. இரட்டை அங்கத்தவர் தொகுதியாகிய மட்டக்களப்பிலே தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில் அவர் போட்டியிட்டார். அதே தொகுதியில் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் காசி ஆனந்தனும் நிறுத்தப்பட்டார். இரு சின்னங்களுக்கும் பின்னால் நின்றது ஒரே தலைமை. முப்பது ஆண்டுகளை எட்டும் கட்சிப் பணிக்குப் பின்னர், தம்முடைய தொகுதியிலேயே தமக்கு எதிராக ஒருவர் நிறுத்தப்பட்டார் என்று இராசதுரை எண்ணியதிலே நியாயம் உண்டு. வடக்கின் தலைமை கிழக்கைக் கலந்தாலோசிக்க வேண்டிய பங்காளியாகக் கருதாது, வாக்குத் தரும் வயலாகவே கருதியது என்னும் குற்றச்சாட்டு அவரோடு பிறந்ததுமன்று, அவரோடு முடிந்ததுமன்று. தேர்தலில் அவர் முதலாம் உறுப்பினராக வென்றார். காசி ஆனந்தன் தோற்றார். ஆனால் மனக்காயம் ஆறவில்லை.

ஆயினும் நியாயமான மனக்குறை ஒன்று, செல்லும் வழியனைத்தையும் நியாயமாக்கிவிடாது. 1979 மார்ச்சிலே அவர் ஐக்கிய தேசியக் கட்சியிற் சேர்ந்து, பிரதேச அபிவிருத்தி அமைச்சரானார். அவர் புகுந்த ஆட்சி எத்தகையது என்பதை ஈண்டு நோக்குதல் வேண்டும். 168 ஆசனங்களில் 140ஐக் கைப்பற்றியிருந்த ஜே. ஆர். ஜயவர்த்தனவின் அரசு, 1978 செப்டெம்பரிலே புதிய அரசியலமைப்பை இயற்றி, நிறைவேற்று அதிகாரம் யாவற்றையும் ஒரு மனிதரின் கையிற் குவித்திருந்தது. அவ்வரசியலமைப்பின்படி கட்சியை விட்டு நீங்கும் உறுப்பினர் ஆசனத்தை இழக்க நேரிடும். இத்தடையைத் தளர்த்தும் இரண்டாம் திருத்தம் 1979 பெப்ரவரியில் நிறைவேறியது. நீக்கப்படும் உறுப்பினரின் ஆசனத்தைப் பற்றித் தீர்மானிக்கும் அதிகாரம் பாராளுமன்றப் பெரும்பான்மையிடம், அதாவது அரசிடமே, ஒப்படைக்கப்பட்டது. இராசதுரை கட்சி மாறியது இவ்வழி திறந்த மறுமாதமாகும். நாட்டின் அடிப்படைச் சட்டம் ஆறு மாதங்கூட நிலைபெறுவதற்கு முன்னர், வருவோருக்குக் கதவு திறக்கும் வகையில் அது மாற்றப்பட்டது. வாசல் இவ்வளவு எளிதாகத் திறக்கும் ஆட்சியிலே, உள்ளே சென்றவருக்கு என்ன விலை குறிக்கப்பட்டிருக்கும் என்பதைக் கேளாதிருக்க முடியாது.

முதலில் வரவைக் குறிப்போம். அவரது அமைச்சுப் பொறுப்பிலே இந்து சமய, கலாசார அலுவல்களும் தமிழ்மொழி அமலாக்கமும் சேர்க்கப்பட்டன. 1982இலே கொழும்பில் உலக இந்து மாநாடு நடைபெற்றது. அதே ஆண்டிலே மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்தரின் பெயரால் இசை நடனக் கல்லூரி தொடங்கப்பட்டது. யாழ் நூல் தந்த பெரியாரின் மண்ணிலே இசைக்கு ஒரு கல்லூரி எழுந்தமை சிறு காரியமன்று. கிழக்கின் பிள்ளைகள் பலர் அதிலே கற்று ஆசிரியராயினர். பின்னர் அது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நிறுவகமாகவும் வளர்ந்தது. இதை மறைத்து எழுதும் விமர்சனம் நேர்மையற்றது.

இனிச் செலவைக் குறிப்போம். இராசதுரை அமைச்சரான நான்கு மாதங்களில், 1979 யூலையில், பயங்கரவாதத் தடைச் சட்டம் நிறைவேறியது. குற்றஞ்சாட்டாமலே பதினெட்டு மாதம் வரை ஒருவரைத் தடுத்துவைக்கவும், உயர் பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கவும் அது இடமளித்தது. அப்போது நீதியமைச்சர் பதவியை வகித்தவரும் மட்டக்களப்பு மாவட்டத்தவரே: கல்குடாவின் உறுப்பினர் கே. டபிள்யூ. தேவநாயகம். மூன்றாண்டுக்குரிய தற்காலிகச் சட்டம் என்றே அது பிறந்தது, 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகளைக் கடந்தும் அது சட்டப் புத்தகத்தில் நிலைத்திருந்தது. தமிழ் இளைஞருக்காக ஆக்கப்பட்ட அச்சட்டத்தின் கீழ், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின்னர் முஸ்லிம் இளைஞரும் கவிஞரும் சட்டத்தரணியும் சிறை புகுந்தனர். ஒரு சமூகத்தை நோக்கி ஆக்கப்படும் அடக்குமுறைச் சட்டம் அச்சமூகத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதற்குக் கல்முனைக் கரையோரத்தில் வாழ்வோருக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

1980 யூலையிலே சம்பள உயர்வு கோரி வேலைநிறுத்தஞ் செய்த 40,000க்கு மேற்பட்ட அரச ஊழியர் வேலைநீக்கப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் சிங்களத் தொழிலாளரே. அதே ஆண்டு ஒக்டோபரிலே சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகள் ஏழாண்டுக்குப் பறிக்கப்பட்டன. 1981 மே 31ஆம் திகதி இரவிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அரசின் இரு அமைச்சர்களான சிறில் மத்தியூவும் காமினி திசாநாயக்கவும் அவ்வேளை யாழ்ப்பாணத்திலேயே இருந்தனர். அவர்கள் இருந்த அதே அமைச்சரவையிலேதான் தமிழ்மொழிக்கும் இந்துப் பண்பாட்டுக்கும் பொறுப்பான அமைச்சரும் இருந்தார். ஏட்டுச்சுவடிகளை எரித்த ஆட்சி, மறு ஆண்டிலே தமிழ்ப் பண்பாட்டைப் போற்ற மாநாடு நடத்தியது. இவ்விரண்டையும் தனித்தனிச் செய்திகளாக எழுதுவது மலர்களின் வழக்கம். ஒரே ஆட்சியின் இரு செயல்களாக இணைத்து நோக்குவது விமர்சனத்தின் கடமை.

மாநாடு நடந்த 1982ஆம் ஆண்டிலேயே பொதுத்தேர்தலும் கைவிடப்பட்டது. டிசெம்பர் 22ஆம் திகதி, விளக்கும் குடமும் சின்னங்களாக ஒரு சர்வசன வாக்கெடுப்பு நடத்தி, பாராளுமன்றத்தின் ஆயுள் மேலும் ஆறாண்டு நீட்டப்பட்டது. அதற்கு முன்னரே ஜனாதிபதி தமது கட்சி உறுப்பினரிடமிருந்து திகதியிடப்படாத பதவி விலகற் கடிதங்களைப் பெற்று வைத்துக்கொண்டார். இக்கடிதங்களின் பொருளை மாணவர் ஊன்றிச் சிந்தித்தல் நன்று. பதவி விலகுதல் என்பது அமைச்சருக்கு எஞ்சியுள்ள இறுதி ஆயுதம். அவ்வாயுதத்தையே முன்கூட்டி வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிய தலைவரின் கீழ், உறுப்பினர் மக்களின் பிரதிநிதி என்ற நிலையிலிருந்து தலைவரின் ஊழியர் என்ற நிலைக்கு இறங்கிவிடுகின்றார்.

பின்னர் 1983 யூலை வந்தது. கொழும்பின் வீதிகளில் தமிழர் கொல்லப்பட்டனர். வெலிக்கடைச் சிறையிலே 25ஆம் 27ஆம் திகதிகளில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். ஓகஸ்டிலே அரசு செய்த காரியம், பாதிக்கப்பட்டவரின் பிரதிநிதிகள் மீதே சத்தியப்பிரமாணத்தைச் சுமத்தும் ஆறாம் திருத்தமாகும். தமிழர் விடுதலைக் கூட்டணியின் உறுப்பினர் ஒக்டோபர் அளவில் ஆசனங்களை இழந்தனர். இராசதுரையும் தேவநாயகமும் பதவியில் நீடித்தனர். அந்நாளிலிருந்து அவர்களின் ஆசனங்களுக்கு ஒரு புதிய பயன் உண்டாயிற்று. தமிழருக்கு எம் அமைச்சரவையில் இடமுண்டு என்று உலகுக்குக் காட்ட அரசுக்கு அவை தேவைப்பட்டன. அமைச்சர் பிரதேசத்துக்குக் கொடுத்தது கல்லூரி. அரசு அமைச்சரிடமிருந்து பெற்றது அவரது இருப்பு. இக்கொடுக்கல் வாங்கலிலே பெரிய இலாபம் யாருக்கு என்பதைக் கணக்கிட வல்லோர் கணக்கிடுக.

இதற்கு ஒரு மறுமொழி உண்டு. அதனை மதித்தே ஆராய்தல் வேண்டும். உள்ளே ஒருவர் இருந்தமையால் எத்தனையோ தீமைகள் தணிந்தன, கைதான இளைஞர் சிலர் மீண்டனர், அவரும் வெளியேறியிருந்தால் மக்களுக்காகப் பேச எவரிருப்பர் என்பது அம்மறுமொழி. தனிமனிதருக்கு அவர் செய்த உதவிகளை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதே அமைச்சரவையில் இருந்த மற்றொருவரை நோக்குவோம். சௌமியமூர்த்தி தொண்டமான் 1978இல் அமைச்சரானவர். மேலே சொன்ன செலவுக் கணக்கிலே அவருக்கும் பங்குண்டு. எனினும் 1986 சனவரியிலே தோட்டத் தொழிலாளர் பிரார்த்தனைப் போராட்டம் என்ற பெயரில் வேலையை நிறுத்தியபோது, சில நாட்களுக்குள் அரசு இறங்கிவந்தது. நாடற்றோராய் எஞ்சியிருந்த 94,000 பேருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் அவ்வாண்டிலேயே இயற்றப்பட்டது. பெற்றுத்தந்தது அமைச்சரின் நாற்காலி அன்று. கொழுந்து கொய்ய மறுத்த கைகள். அமைப்பாகத் திரண்ட உழைக்கும் மக்கள் பின்னால் நிற்கையில் அமைச்சரின் சொல்லுக்குப் பலம் உண்டாகின்றது. அத்தகைய அமைப்பை விட்டு நீங்கித் தனியனாய் உள்ளே சென்றவரின் சொல், எத்துணைச் செல்வம் மிக்கதாயினும், மனுவாகவே முடிகின்றது.

வெளியேறுதல் இயலாத காரியம் என்பதும் பொருந்தாது. அதே ஆட்சியின் அமைச்சராகிய காமினி ஜயசூரிய 1987இல் இலங்கை இந்திய ஒப்பந்தத்தை எதிர்த்துப் பதவி துறந்தார். அவர் எதிர்த்த காரணம் நமக்கு உடன்பாடன்று; ஆயினும் கதவு உள்ளிருந்தும் திறக்கும் என்பதை அவர் காட்டினார். இந்தியாவிலும் ஓர் ஒப்புமை உண்டு. 1975இல் அவசரநிலையை அங்கீகரிக்கும் தீர்மானத்தை மக்களவையில் முன்வைத்தவர், ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவராக மதிக்கப்பெற்ற ஜகஜீவன்ராம். அவர் பதவி விலகியது தேர்தல் அறிவிக்கப்பட்ட பின்னர், 1977 பெப்ரவரியில். அவ்விலகல் அவ்வாட்சியின் வீழ்ச்சிக்கு உதவியது. ஆனால் இடையிற் கழிந்த மாதங்களிலே சிறையிலிருந்தோருக்கு அது பயன்படவில்லை. ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவரின் இசைவு சர்வாதிகாரத்துக்கு ஏனையோரின் இசைவினும் விலைமதிப்புடையது. ஆகவேதான் அதனை அவ்வளவு எளிதில் கொடுத்துவிடுதல் தகாது.

இவ்வாறு எழுதுகையில் ஓர் அபாயத்தையும் நாம் மறந்துவிடலாகாது. அரசோடு சேர்ந்தோரை விமர்சிப்பதற்கு நமது அரசியலிலே ஒரு சொல் இருந்தது: துரோகி. அது மேடையிலே பிறந்து துப்பாக்கியிலே முடிந்தது. யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா 1975இல் கொல்லப்பட்டார். நமது அம்பாறை மாவட்டத்திலே, 1977இல் பொத்துவில் தொகுதியிலிருந்து கூட்டணியின் சார்பில் தெரிவாகிய எம். சி. கனகரத்தினம் அரசுக் கட்சிக்கு மாறினார், 1978 சனவரியிலே கொழும்பில் சுடப்பட்டார், 1980இல் காலமானார். இறுதியிலே அத்துப்பாக்கி கூட்டணியின் தலைவர் அமிர்தலிங்கத்தையும் 1989 யூலையில் கொன்றது. கொலையுண்டவரின் வாழ்வை எவராலும் விமர்சிக்க முடிவதில்லை. அனுதாபமோ அச்சமோ வாயை அடைத்துவிடும். ஆகவே துப்பாக்கி மலரின் எதிரி அன்று, அதன் கூட்டாளி. ஒன்று புகழால் கேள்வியை மூடியது, மற்றது குருதியால் மூடியது. இவ்விரண்டுக்கும் இடையே, சான்றுகளை அடுக்கி, வரவையும் செலவையும் ஒருசேரக் காட்டி, எவர் உயிருக்கும் ஊறு எண்ணாது கேள்வி கேட்கும் விமர்சனத்துக்கு நமது பகுதியிலே இடம் மிக அருகியே இருந்தது. அந்த இடத்தை விரிப்பதே இன்றைய தேவை.

இது பழங்கதை அன்று. 2010 செப்டெம்பரிலே ஜனாதிபதியின் பதவிக்கால வரையறையை நீக்கிய 18ஆம் திருத்தம் 161 வாக்குகளால் நிறைவேறியபோது, சிறீலங்கா முஸ்லிம் காங்கிரசின் உறுப்பினரும், அம்பாறை மாவட்டத்திலே தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் சார்பில் தெரிவான உறுப்பினரும் ஆதரவாகக் கையுயர்த்தினர். 2020 ஒக்டோபரிலே 20ஆம் திருத்தம் வந்தபோது, கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. அவ்வேளையிலும் எதிரணியில் தெரிவாகியிருந்த முஸ்லிம் உறுப்பினர் சிலர் அதற்கு வாக்களித்தனர். கட்சி வேறு, மதம் வேறு, தலைமுறை வேறு. கூறப்பட்ட காரணமோ ஒன்றே: மக்களுக்கு எதையாவது பெற்றுக்கொடுக்க வேண்டும்.

இக்காரணம் எங்கிருந்து வலிமை பெறுகின்றது? மக்களின் வறுமையிலிருந்தும், திட்டமிட்டே பின்தள்ளப்பட்ட பிரதேசத்தின் தேவையிலிருந்துமே. கல்முனையையும் நாவிதன்வெளிப் பக்கத்து ஊர்களையும் இணைக்கும் கிட்டங்கித் தாம்போதி பல தசாப்தங்களாக மாரிதோறும் நீரில் மூழ்கிவந்தது. வெள்ளத்தினூடே பிள்ளையைத் தோளிற் சுமந்து பாடசாலைக்குச் செல்லும் தாயிடம், பாலம் கேட்காதே, கொள்கையைக் கேள் என்று உபதேசிப்பது கொடுமை. அவளுக்குப் பாலம் வேண்டும். ஆனால் அது வரியிறுக்கும் குடிமகளின் உரிமை. அமைச்சரின் கொடை அன்று. உரிமையை முதலில் மறுத்து, பின்னர் அதனையே கொடையாக ஈந்து, கொடைக்கு விலையாக இசைவைப் பெறுவதே இவ்வாட்சிமுறையின் தந்திரம். 1977க்குப் பின்னர் உத்தியோகத்துக்கான விண்ணப்பப் படிவங்கள் பாராளுமன்ற உறுப்பினர் கைவழியே பகிரப்பட்டபோது, தகுதியாற் பெறவேண்டிய தொழில்கூடத் தயவாற் பெறும் பொருளாயிற்று. இன்றும் இடமாற்றத்துக்குச் சிபாரிசுக் கடிதம் தேடும் நிலை ஆசிரியரிடையே ஒழிந்துவிடவில்லை. அக்கடிதம் கையில் வந்ததும், அதனைத் தந்தவரைப் பற்றிய கேள்வி நாவிலே நின்றுவிடுகின்றது. அமைச்சரின் இசைவு மேலே வாங்கப்படுகின்றது; மக்களின் இசைவு கீழே வாங்கப்படுகின்றது; முறை ஒன்றே.

இராசதுரை தீயவர் என்பது நமது முடிவன்று. ஆற்றலும் மொழிப்பற்றும் உண்மையான மனக்குறையும் கொண்ட ஒருவர், மக்கள் இயக்கத்தின் இடத்திலே அமைச்சு நாற்காலியை வைத்ததனால் என்ன நேர்ந்தது என்பதே அவரது வாழ்வு தரும் பாடம். 1956இலே அவரிடம் பதவி இல்லை, சொல் இருந்தது, அச்சொல்லைக் கேட்க மக்கள் திரண்டனர். 1983இலே பதவி இருந்தது. சொல்லுக்கு மிகத் தேவையான அந்நாட்களிலே அச்சொல்லைப் பதவி கட்டிப்போட்டது. பின்னர் மலேசியாவிலே இலங்கையின் உயர்ஸ்தானிகராகவும் அவர் பணியாற்றினார். ஆனால் மக்கள் மேடையிலே முன்னர் அவருக்கிருந்த இடம் மீளவில்லை.

ஆகவே இனி ஒரு மலர் தொகுக்கப்படும்போது, தொகுக்கும் ஆசிரியர் இரு பத்திகள் வகுத்து எழுதுவாராக. ஒன்றிலே அமைச்சர் கொண்டுவந்தவை. மற்றதிலே, அக்காலத்து அமைச்சரவை நிறைவேற்றியவையும் அவற்றுக்கு அவர் அளித்த இசைவும். இரு பத்திகளிலும் வாக்கியங்கள் எழுவாயோடு அமையட்டும். அவ்வாறு எழுதப்பட்ட வரலாற்றைக் கற்கும் மாணவன், நாளை ஓர் அமைச்சர் அடிக்கல் நாட்ட வரும்போது மாலையோடு வரிசையில் நிற்க மறுக்க வேண்டியதில்லை. மாலையை அணிவித்தபின், பாராளுமன்றத்திலே எதற்குக் கையுயர்த்தினீர்கள் என்று அவன் கேட்டால் போதும். அக்கேள்வியை அஞ்சாது கேட்கக்கூடிய தலைமுறையை வகுப்பறையிலே உருவாக்குவது நமது கையில் உள்ளது.